வானத்திலிருந்து ஒரு வரப்புத் தகராறு

திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் பறக்கும் இந்தக் குட்டி விமானத்தில் நாங்கள் ஆறே பயணிகள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மேலே வரும்போது கதவின் கொக்கி தெறித்துவிடுகிறது. காற்று என் தொப்பியை அள்ளிக்கொண்டு போகிறது. "யாரும் எழுந்திருக்காதீர்கள், கதவை இழுத்துப் பிடியுங்கள்!" என்று கத்திக்கொண்டே விமானி தென்னைகளுக்குச் சற்று மேலே வரை விமானத்தை இறக்குகிறார்.

பக்கத்து இருக்கையில் வடசேரி வாழைக்குலை வியாபாரி. மகளுக்குக் கொண்டுபோகும் பலாப்பழத்தின் கயிற்றை அவிழ்த்துக் கதவின் கைப்பிடியில் கட்டுகிறார்.

"வலிச்சுப் பிடி மக்கா!"

இருவரும் இழுக்கிறோம். பயத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. கதவிடுக்கில் கீழே பார்த்தவர் அலறுகிறார்.

"அந்த ரெட்டப் பனை நிக்கது என் வயலுல்லா! பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டி என் தண்ணியத் திருப்புகான்!"

"அண்ணாச்சி, கயிறு! கயிறு!"

"கயிறு கெடக்கட்டும். கதவத் தொற மக்கா!"

அவர் கையை விட்டதும் கதவு படாரென்று திறந்துகொள்கிறது. இடுப்புப் பட்டை இழுத்துப் பிடிக்க, பாதி உடம்பை வெளியே நீட்டி, அடித்தொண்டையில் வைகிறார். கீழே மண்வெட்டியோடு நிற்பவர் அண்ணாந்து பார்க்கிறார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வானத்தைக் கும்பிட்டபடி ஓடுகிறார்.

அண்ணாச்சி நிதானமாக வேட்டியைச் சரிசெய்துகொள்கிறார்.

"செரி மக்கா, இனி அடைக்கலாம்."