அரை நூல் உயரம்

நான் பயிற்சிக்குச் சேர்ந்த கும்மிடிப்பூண்டி மரப்பட்டறையில் மேசை ரம்பம் ஓட்டியவர் ஒல்லியான மனிதர். நெற்றி நிறையக் குங்குமம். ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் பம்பை அடிப்பவர். பலகையில் குழிவாகப் பள்ளம் எடுப்பதென்றால் அவர்தான். மேசைமீது ஒரு சட்டத்தைக் குறுக்குச் சாய்வாக இறுக்கி, அதையொட்டிப் பலகையைத் தள்ளுவார். பிளேடு சுரண்டிச் சுரண்டி வழவழவென்று பள்ளமாக்கும். எனக்கு அது மாயம்! ஒவ்வொரு தடவையும் மோட்டாரை நிறுத்துவார், விரல் நுனிகளைக் கட்டைவிரலால் எண்ணுவதுபோல் தொட்டுப் பார்ப்பார், பிறகு பிளேடை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, மட்டும் உயர்த்துவார்.

ஒருநாள் பலகைகளைக் கொண்டுவந்த கான்ட்ராக்டர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னாப்பா, தேரா இழுக்கிற? ஒரே தூக்கா தூக்கு. லாரி நிக்குது. இல்லன்னா மீஞ்சூர் பட்டறைல குடுத்துப்பேன்.”

“தூக்கலாம் நைனா. பலகை எகிறிக்கினு பின்னால வரும். நான் ஒதுங்கிப்பேன், நீ அங்கயே நில்லு.”

கான்ட்ராக்டர் வாசலுக்கே ஓடிவிட்டார். ஆனால் பலகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குப் போய்விட்டார். முதலாளி அன்றே இவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

மாலை ரயிலில் இருவரும் ஒன்றாகப் போனோம்.

“பேஜாராயிடுச்சாண்ணே?”

“அத்த உடு. அந்த மீஞ்சூர் பட்டறைக்காரன் ஒரே தூக்கா தூக்கிடுவான். அவனுக்குப் புள்ளைங்க கீது.”

மீஞ்சூர் வந்தது. வண்டி நிற்பதற்குள் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்தார். தடுமாறினார், விழவில்லை. திரும்பிப் பார்க்காமல் பட்டறைப் பக்கம் ஓடினார்.

அரை நூலுக்கு அத்தனை பொறுமையாக இருந்தவர் இவர்தானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.