புஸ்பத்தின் வாயில் வராத சொல்

மண்டூர்ப் புஸ்பத்திடம் இங்கிலீஸ் தெரியுமா என்று கேட்டால், "எனக்கு நண்டு தெரியும்" என்பாள். அது போதாதா? ஒன்பது வருடமாக வாவிக்கு அக்கரையில் உள்ள விடுதியின் குசினி, சமையல் முழுவதும், அவள் கையில்தான் இருந்தது. விடியவே பாதையில் ஏறிவிடுவாள். பாதை என்றால் றோட்டு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்புத் தட்டுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

வெள்ளைக்காரர் வந்து மேசையில் இருந்தால், உயிர் நண்டைக் காலில் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். அவர்கள் தலையாட்டினால் கறி. நண்டு படாத நாளில் வாவியைக் காட்டி, கன்னத்தில் கை வைத்து நித்திரை கொண்டு, எழும்பி, நாளைக்கு வரும் என்று விரலை நண்டுபோல் மேசையில் நடத்திக் காட்டுவாள். அந்த நடையைப் பார்த்துச் சிரித்து, இன்னுமொரு நாள் தங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! ஆனால் இல்லை என்று மட்டும் அவள் தலை ஆடாது.

வீட்டிலும் அப்படித்தான். அரிசி முடிந்தால் "நிறைஞ்சிரிக்கு" என்பாள். உப்பு முடிந்தாலும் நிறைந்துதான் இருக்கும். விளக்கு வைத்த பிறகு இல்லை என்றால் இல்லாமலே போய்விடும் என்று ஊரில் எல்லாப் பெண்களும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். புஸ்பம் விடியவும் சொல்லுவாள், மத்தியானமும் சொல்லுவாள்.

தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தில் ஊர் கலைந்து கிடந்த நாளில், விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, "வீட்டில அரிசி இல்லை" என்று புருசனிடம் சொன்னாள். அழகரத்தினம் உரப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அரிசி தேடிப் போனான். போனவன் போனவன்தான். பிடித்தது ஆர், கொண்டுபோனது எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. செத்துப்போனான் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் வாயிலிருந்து அழித்தாள்.

இதெல்லாம் விடுதி முதலாளி வினாயகமூர்த்திக்கு எங்கே தெரியப்போகிறது? யாரோ ஒரு வெள்ளைக்காரன், இங்கே சாப்பாடு அமிர்தம், ஆனால் ஒருவருக்கும் இங்கிலீஸ் தெரியாது என்று இணையத்தில் எழுதிவிட்டானாம். அமிர்தம் முதலாளியின் கண்ணில் படவில்லை. மற்றது மட்டும் முள்ளாய்க் குத்தியது. உடனே வேலையாட்களுக்கு இங்கிலீஸ் படிப்பிக்க ரதீஸ் மாஸ்டரைக் கூட்டிவந்தார். வெள்ளிக்கிழமை சோதினை, வசனம் சொல்லத் தெரியாத ஆள் விடுதியை விட்டுப் போகலாம் என்று சட்டம் போட்டார்.

ரதீஸ் என்பவன், 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று கரண்டுத் தூண் தூணாக ஒட்டித் திரிகிறவன். கொதிக்கிற வெயிலிலும் கழுத்தில் முடிச்சுப் போட்ட ஒரு ரை. இங்கிலீஸ் முழுவதும் 'ஹேவ்' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறதாம். இருப்பதைச் சொல்லவும் அதுதான், பக்கத்தில் ஒரு 'நோ' போட்டால் இல்லாததைச் சொல்லவும் அதுதான்.

இருப்பதைச் சொல்வதில் புஸ்பத்தை வெல்ல ஆள் கிடையாது. 'ஐ ஹேவ் எ ஹவுஸ்', எனக்கு வீடு இருக்கிறது. 'ஐ ஹேவ் டூ கோட்ஸ்', இரண்டு ஆடு இருக்கிறது. அறை கூட்டுகிற வதனி திக்கித் திணறும்போது, புஸ்பம் பாதையில் நின்றபடியே வாவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டார்.

"அக்கா, ஐ ஹேவ் நோ றைஸ். என்னட்ட அரிசி இல்ல. சொல்லுங்க," என்றான் ரதீஸ்.

"ஐ ஹேவ் றைஸ்."

"அது இரிக்கிறத்துக்கு. நான் கேட்கிறது இல்லாததுக்கு."

"அதை என்னத்துக்கு மனே வாயால கூப்பிடுற? இரிக்கிறதைக் கேளு, பொழுது படுமட்டும் சொல்றன்."

"இது சும்மா வசனம் அக்கா."

"சும்மா எண்டா, உன்ட கையையும் காலையும் அந்தச் சொல்லோட சேர்த்து உன்ட அம்மாக்கு முன்னால போய்ச் சொல்லு பாப்பம். அகப்பைக் காம்பு உன்ட முதுகில முறியும்."

வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலாளிக்குக் கோபம் வந்தது.

"மூடநம்பிக்கையைத் தின்னவா புஸ்பம் வெள்ளைக்காரன் வாறான்?"

"நண்டு தின்ன வாறான் முதலாளி."

மூடநம்பிக்கையாம்! விடுதி வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டு, வாரத்துக்கு வாரம் மாற்றுகிற மனிதர் சொன்ன பேச்சு அது.

ரதீஸ் தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, "சரி, அரிசிய விடுங்க. ஐ ஹேவ் நோ ஹஸ்பண்ட் எண்டு சொல்லுங்க. புருசன் இல்ல. அது உண்மைதானே அக்கா?" என்றான்.

அறப்படித்த மூஞ்சூறு கழனிப்பானைக்குள் விழுந்ததாம். வதனியின் சிரிப்பு நின்றது. புஸ்பம் அவனைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போனாள். தண்ணீர் தெளித்து அடுப்பை நூர்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் அகப்பையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, முதலாளிக்கு நேரே நின்றாள்.

"ஐ ஹேவ் எ ஹவுஸ். ஐ ஹேவ் டூ கோட்ஸ். ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட்."

ஒவ்வொன்றாக, உப்புப் போடுகிற நிதானத்தில் சொன்னாள். பிறகு அகப்பையை முதலாளியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"யூ ஹேவ் நோ குக்."

உங்களிடம் சமைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த 'இல்லை' வந்தது. வந்து இன்னொருவர் வீட்டில் விழுந்தது.

"கரெக்ட்!" என்றான் ரதீஸ், பழக்க தோசத்தில். முதலாளி பார்த்த பார்வையில் அவன் ரை தானாகவே இறுகியது.

வெளியே இரண்டு மேசை வெள்ளைக்காரர் முள்ளுக்கரண்டியோடு காத்திருந்தார்கள். முதலாளி வதனியின் பக்கம் திரும்பி, "நண்டுக்கறி வைக்கத் தெரியுமா பிள்ள?" என்று கெஞ்சினார்.

"ஐ ஹேவ் நோ நண்டுக்கறி, சேர்," என்றாள் வதனி. அவளும் சோதினையில் பாஸ்.

வெயில் உச்சிக்கு ஏறமுதல் புஸ்பம் துறைக்கு வந்துவிட்டாள். பாதையில் ஆள் குறைவு. ஓட்டுகிறவர் மண்டூர் ஆள்தான். அவள் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார்.

"என்ன கா, இண்டைக்கு நேரத்தோட வாறாய்? வேலை இல்லையா?"

"வேலை நிறைஞ்சிரிக்கு," என்றாள் புஸ்பம்.

ஊர்க்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? கயிற்றுச் சுருளைத் தள்ளிவைத்து அவள் இருக்க இடம் விட்டார். மடியில் அகப்பையை வைத்துக்கொண்டு, அவள் வீடு இருக்கிற கரையையே பார்த்துக்கொண்டு போனாள்.