நான்காம் அறைக் கண்டக்டரின் காய்ச்சல்

அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்த நர்சுக்குப் பம்பரம் என்று பெயர். இனிக் குணமாகாது என்று தெரிந்த முதியவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும்.

நான்காம் அறையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டு ஆறு வாரம். வாய் மட்டும் ஓயவில்லை. பம்பரத்தைக் கண்டாலே, "உனக்கு பிரேக்கே கிடையாதாம்மா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெற்ற மகளையே யாரென்று கேட்டார். கட்டில் கம்பியைத் தட்டி, "படியில நிக்காதீங்க, உள்ள ஏறி வாங்க" என்று கத்தினார். மகள் வராந்தாவுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அவ்வளவுதான் போல. அண்ணனை வரச் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது, கொஞ்சம் பொறுங்க."

காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் நாடி வேகமாகத் துடித்தது. அடிவயிற்றைத் தொட்டதும் முகம் சுளித்தார். குழாயோடு இணைத்த பையில் சிறுநீர் கலங்கியிருந்தது. பம்பரத்துக்குத் திக்கென்றது. ஞாயிறன்று அந்தப் பையைக் காலி செய்தவள் அவள்தான். அன்று நர்ஸ் அவள் ஒருத்திதான்; பக்கத்து அறையில் யாருக்கோ மூச்சுத் திணறல் என்று பாதியில் ஓடியிருந்தாள். கை கழுவிவிட்டுத் திரும்பினாளா? எவ்வளவு யோசித்தும் அந்த நிமிடம் மட்டும் பிடிபடவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "வயசானவங்களுக்குத் தொற்று வந்தா சில சமயம் புத்திதான் முதல்ல தடுமாறும். மருந்து குடுத்தா தெளியலாம், தெளியாமலும் போகலாம். இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்னு அப்பா எப்பவாவது சொல்லியிருக்காரா?" என்று மகளைக் கேட்டார்.

"இழுத்துப் பிடிச்சு வைக்காதீங்கன்னு சொன்னார். ஆனா பேசிக்கிட்டே போகணும்னும் சொன்னார்."

"அப்ப மூணு நாள் பார்ப்போம்."

குழாயை மாற்றி மருந்து ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலை முடிந்த பிறகும் திரும்பிவந்து நான்காம் அறையை எட்டிப் பார்த்தாள். கடைசியில் டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தாள்.

"உங்க கையாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. குழாய் இத்தனை நாள் இருந்தாலே வரும்" என்றார் அவர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கண்டக்டர் கண் திறந்து, "ரொம்பக் கத்திட்டேனா?" என்றார். மகள் பக்கத்தில் இருக்கும்போதே பம்பரம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னாள். மகள் முகம் இறுகியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கிழவர் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "இனிமே என் கண்ணு முன்னாடி கழுவு" என்றார்.

அதன் பிறகு பதினாறு நாள் இருந்தார். வெளியூர் மகன் வந்தான். இருவரும் பழைய சண்டை ஒன்றைத் திரும்பப் போட்டு, ஒருவழியாகச் சிரித்தார்கள். அடுத்த தொற்று நுரையீரலில் வந்தபோது, பம்பரத்திடம், "போதும்மா, மூச்சு முட்டாம மட்டும் பார்த்துக்கோ" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டார்கள். ஒரு மதியம், மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று பம்பரம் நிர்வாகத்துக்கு எழுதினாள். நடந்ததை மறைக்காமல் எழுதினாள். இரண்டு மாதம் விடாமல் நச்சரித்த பிறகு ஆள் வந்தார்.