ஓடாத லிஃப்டுக்குக் காவல்

விராலிமலையிலிருந்து வந்த அம்மாவைச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழியில், உயரத்தில் இருக்கும் அந்த மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஓடவில்லை. காவலுக்கு நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த கொண்டைமேல் தொப்பி நழுவ நழுவச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“மூட்டு வலியோட இவங்க எப்படி ஏறுவாங்க?” என்று அவரிடம் கத்தினேன்.

“ஒரு வாரமா மேல சொல்லிக்கிட்டுத்தாங்க இருக்கேன். ஒருத்தரும் வரலை. வர்றவங்கல்லாம் என்னையத்தான் ஏசுறாங்க.”

பேச்சைக் கேட்டதும் அம்மா, “நம்ம பக்கமா நீங்க?” என்றாள்.

“நார்த்தாமலைங்க ஆத்தா.”

தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஏறினார். படி திரும்பும் இடத்திலெல்லாம் அம்மாவை உட்கார வைத்தார். மேலே போனதும் அவருக்கு மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கீழே வேறு யாரோ கத்தினார்கள்.

“இந்தா வாரேங்க!” என்று நாற்காலியோடு இறங்கினார்.