எல்லம்மாளின் நாலு நாள் லீவு

எல்லம்மாள் ராமேஸ்வரம் பார்த்திருக்கிறாள், கன்னியாகுமரி பார்த்திருக்கிறாள், வேளாங்கண்ணிக்கும் போய் வந்திருக்கிறாள். எல்லாமே அண்டாவுக்குப் பின்னால் நின்று பார்த்தவை. காஞ்சிபுரத்தில் கிளம்பும் டூர் பஸ்களில் அடுப்பும் பாத்திரமும் கூடவே போகும். நிறுத்துகிற இடத்தில் சமைத்துப் போட ஓர் ஆள் வேண்டும். ஏனாத்தூரில் காலேஜ் பிள்ளைகள் தங்கும் விடுதியில் சமைக்கிறவள் என்பதால் டூர்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "நீ வந்தா உங்க வூட்டுக்காரருக்கும் சீட்டு ஃப்ரீமா" என்பார்கள். புருஷன் வீரபத்திரன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வருவார். எல்லாரும் கடலில் முழுக்குப் போடுகிற நேரத்தில் அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள்.

மகன் தனுஷுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. நல்ல வேலைக்காரன் என்று இந்த வருஷம் அவனைக் குடும்பத்தோடு அந்தமானில் ஒரு தீவு ரிசார்ட்டுக்குக் கம்பெனியே அனுப்பியது. "அம்மா, நாலு நாளு நீ கரண்டியத் தொடக்கூடாது. உக்காந்த எடத்துக்குக் கொண்டாந்து வெப்பாங்க. துன்னு, தூங்கு, அவ்ளோதான்" என்றான்.

அந்தப் பேச்சை எல்லம்மாள் விடுதிக்குக் காய்கறி போடுகிறவரிடம் சொன்னாள், பூக்காரியிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். வேண்டுமென்றே ஊறுகாய் பாட்டிலைக்கூட எடுத்து வைக்கவில்லை.

ரிசார்ட்டில் முதல் சாப்பாட்டுக்கு ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா" என்றார். சோறு வந்தது, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் வந்தது, இனிப்பாக ஒரு சாம்பார் வந்தது. எல்லம்மாள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். உப்பு போதுமா, உறைப்பு போதுமா என்று பார்ப்பது அங்கே அவள் வேலை இல்லை. தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனபோது பின்னாலேயே எழுந்திருக்கப் போனவள், சுதாரித்து உட்கார்ந்துகொண்டாள்.

வீரபத்திரன் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளினார். "இது இன்னா கொழம்பா, பாயசமா? ஊறுகா எங்கமே?"

"எடுத்தாரல."

"எடுத்தாரலயா? வேற இன்னா வேல உனக்கு?"

மறுநாள் காலையில் பேத்தி அபியும் தட்டைத் தொடவில்லை. "நேத்துலருந்து வெறும் பிஸ்கட்டுதான் அத்த" என்றாள் மருமகள் பிரவீனா, யாரையும் பார்க்காமல்.

தனுஷ் எழுந்து உள்ளே போனான். சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"பேசிட்டேன்மா. கிச்சன்ல வுடறாங்களாம்."

"யார?"

"உன்னத்தான். ஒரே ஒரு கொழம்பும்மா. அபிக்கோசரம்."

"கரண்டியத் தொடக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க."

"அது நம்ம வூட்டுக் கரண்டிமா."

வீரபத்திரன் முந்திக்கொண்டார். "காலேஜுக்கே ஆக்கிப் போடறவ, அஞ்சு பேருக்கு ஆக்குனா தேஞ்சா பூடுவ?"

சமையற்கட்டில் இருந்தவர் கிறிஸ்டோபர், அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மரியாதையானவர். அவளுக்கு ஒரு தொப்பியும் ஏப்ரனும் மாட்டிவிட்டார். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது மற்ற நால்வரும் அடியில் கண்ணாடி பதித்த படகில் மீன் பார்க்கப் போனார்கள்.

மத்தியானம் குழம்பின் வாசனை மேசை மேசையாகப் போனது. சென்னையிலிருந்து வந்திருந்த பக்கத்து மேசைக்காரர்கள் கொஞ்சம் கேட்டார்கள். வீரபத்திரன் எழுந்து நின்று தன் கையாலேயே ஊற்றினார். "நம்ம வூட்டு சமையல்ங்க, கூச்சப்படாம ஊத்திக்கோங்க" என்றார்.

எல்லம்மாள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிரவீனாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தொட்டபோது புதிதாக டியூட்டிக்கு வந்திருந்த சர்வர் குறுக்கே வந்தார். "அக்கா, ஸ்டாஃப் சாப்பாடு பின்பக்கம்."

தனுஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாரும்மா, உன்ன வேலைக்கே எடுத்துட்டாங்க." பிரவீனா சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் அபியும் சிரித்தது. சர்வர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தால் அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கும். "இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். யாரும் கூப்பிடவில்லை. குழம்பு ஆறுவதற்குள் அவர்கள் சாப்பிட வேண்டுமே.

கிறிஸ்டோபர் தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். "ராத்திரிக்குக் கருவாட்டுக் குழம்பு வேணும்னு உங்க வீட்டுக்காரர் இப்பதாம்மா சொல்லி அனுப்பினார். பக்கத்து டேபிள்காரங்களும் கேக்குறாங்க. புளி எவ்வளவு ஊற வைக்கட்டும்?"

"முடியாதுன்னு போய்ச் சொல்லு" என்ற பதில் சோற்றோடு சோறாக அவள் வாயில் இருந்தது.

"எத்தினி பேருக்கு?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் வாயிலிருந்ததை விழுங்கினாள்.