முந்தாநாள் இறால் குழம்பு

எழுபதுகளில் காக்களூரில் ஒரு சின்ன போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். ஒரு சித்திரை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும், முந்தாநாள் வைத்துச் சுடவைத்துக்கொண்டே இருந்த இறால் குழம்பு லேசாகப் புளித்த வாடை அடித்தது. சாப்பிடலாமா, கொட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு பேக்கிங் செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இறாலா? நான் இன்னிக்கி சோறே எட்னு வரல."

"நீ துன்னு. எனக்குப் பசியில்ல" என்று முழுவதையும் அவள் பக்கம் தள்ளினேன். கொட்ட மனம் வரவில்லை, தின்னவும் துணியவில்லை. அவள் வழித்துத் தின்றாள்.

மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்திருக்கிறாள். நான்காம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வேலைக்கு வந்தவள், "அன்னிக்கி காலைல கம்பெனி கேட்டாண்ட வடை விக்கிற அம்மாகிட்ட வாங்கித் துன்ன வடைதான்க்கா ஒத்துக்கல. யாரும் அந்தம்மாகிட்ட வாங்காதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் குனிந்து போல்ட்டுகளை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் வடைக்காரம்மாவின் தட்டு குறையவே இல்லை. பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

பின்னொரு நாள் திருவள்ளூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். "நல்ல எண்ணெயிலதாம்மா சுட்டேன்" என்றார்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.