என் காலைப் பற்றி அவர்கள் பேசிய இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் என்றால் பயம். சின்ன வயதில் இல்லாத பயம் இது. மகனுக்கு மீசை முளைத்த பிறகு வந்தது.

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் தினமும் வருவார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என் மகனிடமும் மச்சினரிடமும் இங்கிலீஷில் பேசுவார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்லம்மா, சரியாப்பூடும்" என்பார். என் வீட்டுக்காரர் போய்ச் சேரும் வரைக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் என்ன வியாதி என்று தெரியாது. ஆஸ்பத்திரியைக் கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து என் எதிரில் யாராவது தமிழில் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று இங்கிலீஷுக்கு மாறினால், யாருக்கு என்ன வியாதியோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஒரகடத்தில் என் வீட்டு மாடியில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். மாடி நான் நின்று கட்டியது, கொத்தனாரிடம் ஒரு செங்கல்லுக்குக்கூட ஏமாறவில்லை. அந்தப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பையிலிருந்து ஒரு டீச்சர் ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தாள். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பு. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா? முதல் வாரம் அப்படித்தான் போய் நின்றேன். அடுத்த வாரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறைமலை நகரில் சூப்பர்வைசராக இருக்கிற என் மகன் சிரித்தான்.

"இன்னாம்மா, இங்கிலீஷ் கத்துக்கினு ஃபாரின் போப்போறியா?"

"போனா உன்ன இட்டுனு போமாட்டேன். நீ போய் சோறு துன்னு."

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் இங்கிலீஷை எழுத்தாகப் பார்க்கவே இல்லை, காதால் பிடித்துக்கொண்டேன்.

முதலில் உடம்பை நன்றாக வைத்துக்கொள்வதைப் பற்றித்தான் பாடம். தலை முதல் கால் விரல் வரை ஒவ்வொன்றுக்கும் பெயர். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்க வேண்டும். "ஐ ஹேவ் சுகர்" என்றேன் நான். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, "நாளைக்கு எங்களுக்கும் ரெண்டு கரண்டி தாங்க ஆச்சி" என்றாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் கஷ்டமான முடிவுகளைப் பற்றிய பாடம் வந்தது. ஒருத்தி நடுவில் உட்கார்ந்து தன் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். முடிவு அவளுடையது. அண்ணன் நிச்சயதார்த்தத்தன்று கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை, பார்க்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்றாள் ஒருத்தி. நான் பொறுக்காமல், "ஓ.டி.யும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊருக்குப் போடி!" என்றேன்.

"அம்மா, நோ அட்வைஸ். ஒன்லி கொஸ்டின்" என்றாள் டீச்சர்.

என் மாடியில் எனக்கே வாய்ப்பூட்டு! ஆனாலும் அடங்கினேன். எல்லாரும் அதிகமாகக் கேட்ட கேள்வி, 'இஃப் யூ வெயிட், வாட் வில் ஹேப்பன்?' பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பது. அது என் வாயில் நன்றாகப் படிந்துவிட்டது.

அந்த வருஷமும் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குச் செருப்பில்லாமல் நடந்து போனேன். தார் ரோடு கொதித்தது. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் வந்தது, வலிக்கவில்லை. முருகன் காப்பாற்றினான், இந்த வயதிலும் என் கால் கெட்டியான கால் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். சில வாரம் கழித்து டீச்சர் பழைய பாடத்தைத் திரும்ப எடுத்தபோது, சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், அவர்களுக்குப் புண் வலிக்காது என்றாள்.

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். குனிந்து பார்க்க முடியாது. பீரோ கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்து காலைத் தூக்கினேன். விரலுக்கு அடியில் தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி கறுப்பு. அழுத்தினேன். அப்போதும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மகன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். படமெல்லாம் எடுத்தார்கள். டாக்டர் என் பெயர்த்தி வயதுப் பெண். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று நல்ல தமிழில்தான் கேட்டாள். படத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து இங்கிலீஷுக்கு மாறினாள்.

எனக்கு எல்லாம் புரியவில்லை. இன்ஃபெக்ஷன் புரிந்தது. போன் என்றால் எலும்பு, புரிந்தது. டோ என்றால் கால்விரல். ரிமூவ், டுமாரோ. ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. என் மகன் சொன்னது மட்டும் முழுசாகப் புரிந்தது: "டாக்டர், டோன்ட் டெல் ஹெர். ஷீ வில் பி அஃப்ரெய்ட். சே க்ளீனிங் ஒன்லி."

அம்மாவிடம் சொல்ல வேண்டாமாம், பயந்துவிடுவேனாம். சுத்தம் செய்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். நான் மாடியில் உட்கார்ந்து படித்ததைக் கிண்டல் செய்தவன் அவன்தான், அந்த நேரத்தில் அது அவன் ஞாபகத்தில் இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணும் இல்லம்மா. நாளைக்குப் புண்ண க்ளீன் பண்றாங்களாம். அவ்ளோதான்."

அவன் அப்பாவின் கட்டிலருகே அந்த டாக்டர் சொன்ன அதே 'ஒண்ணும் இல்லம்மா'. அந்த நிமிஷம் மாடிக்கே போயிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியாமல் தலையாட்டியிருப்பேன். படுத்து, எழுந்து பார்க்கும்போது விரல் இருந்திருக்காது.   

"டாக்டர்" என்றேன். "இஃப் ஐ வெயிட், வாட் வில் ஹேப்பன்?"

"யம்மா..." என்றான் மகன்.

டாக்டர் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். தமிழில் சொன்னாள்.

"இப்ப எடுத்தா விரலோட முடிஞ்சிடும்மா. தள்ளிப்போட்டா பாதம் போகலாம். விஷம் மேல ஏறுனா உயிருக்கே ஆபத்து."

"எடுத்தா நடப்பேனா?"

"நடப்பீங்க. கொஞ்ச நாள் தடுமாறும்."

"அந்தப் புண் ஆறலன்னா?"

 "மறுபடி எடுக்க வேண்டி வரலாம்" என்றாள்.

கேட்டது நான்தான். கேட்ட பிறகு நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்குதாம்மா சொல்ல வாணாம்னேன். பாரு, நடுங்குற" என்று மகன் அழுதுவிட்டான்.

"நடுங்கிக்கினுதான் கீறேன். அதுக்கின்னா இப்போ? உங்கப்பனுக்குப் பண்ணத எனக்குப் பண்ணாத." டாக்டரிடம், "டுமாரோ. எடுங்க" என்றேன்.

சாயங்காலம் திருநெல்வேலிப் பெண் போன் செய்தாள். "என்ன ஆச்சி, லைட்ட அணைக்கலன்னா எங்ககிட்ட புலி மாதிரி வருவீய, இப்ப குரலே எழும்பலையே?"

"புலிக்குக் கால வெட்டப்போறாங்கடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, தலை மட்டும் தெளிவாக இருந்தது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டி மறைத்தார்கள். அறை குளிர்ந்தது. துணிக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். கையைக் கட்டிவைத்திருந்ததால் காதைப் பொத்தவும் முடியவில்லை. முருகா, புரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். புரிந்தது. நெக்ஸ்ட் டோ ஆல்ஸோ, என்றாள் என் டாக்டர்.

"ஒய்?" என்றேன். ஏன் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. டாக்டர் துணியைத் தாண்டி என் தலைமாட்டுக்கு வந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

"பக்கத்து விரலும் உள்ள கெட்டிருக்கும்மா. விட்டா பரவும். எடுக்கட்டுமா?"

மகன் வெளியே இருந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை, நான் சொல்வதற்காக நின்றாள்.

"எடுத்துடுங்க" என்றேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். இன்னொரு தடவை சொன்னேன்.